கை வளர்ந்த கதையும் வளராத கதையும்

வேம்பாரில் எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் தவசு காலத்து ராத்திரிகளில் ஞானசௌந்தரி அம்மானை படிப்பார்கள். படிப்பது ஆச்சியின் அக்கா. கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கி மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கால் ஒரு ராகம் இழுத்துப் படிப்பார். சுற்றி ஏழெட்டுப் பொம்பளைகள். தடுப்புச் சுவரை ஒட்டி நாங்கள் பிள்ளைகள். கொஞ்சம் தள்ளி, கருப்பட்டிக் கொட்டானுக்குப் பக்கத்தில், ஆம்பிளைகளில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். என் தாய்மாமா.

சித்தி லேனாளின் ஏவலில் ஞானசௌந்தரியைக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கைகளை வெட்டுகிற இடம் வரும். பொம்பளைகள் முந்தானையால் மூக்கைத் துடைப்பார்கள். மாமா அசையமாட்டார். பிறகு கதை நீளும். கையில்லாதவளைப் பிலேந்திரன் என்ற அரசன் கண்டெடுத்து மணப்பான், அவன் போருக்குப் போவான், கடிதங்களை மாற்றி எழுதிச் சதி செய்வார்கள், இரண்டு கைக்குழந்தைகளோடு அவளை மறுபடியும் காட்டுக்கு விரட்டுவார்கள். கடைசியில் தேவமாதா தோன்றி, வெட்டிய கைகளைத் திரும்ப வளரச் செய்வாள். அந்த இடம் நெருங்கும்போது மாமா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிடுவார். ஒரு வருஷம்கூட அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாமாவுக்கு வலது கை மணிக்கட்டோடு கிடையாது. மீனுக்குப் போட்ட தோட்டா கையிலேயே வெடித்துவிட்டது. அப்போது எனக்கு ஆறு வயது.

வெட்டுகிறதைக் கேட்க முடிந்தவருக்கு வளருகிறதைக் கேட்க ஏன் முடியவில்லை என்ற கேள்வி ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குள் வந்தது. இருண்ட பெருங்கதைகள் பற்றியும், அவற்றைப் படிக்கிறவர்களின் ருசி மாறிவிட்டது என்பது பற்றியும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

பொதுவாகச் சொல்லப்படுவது இது: முன்பெல்லாம் மாயக்கதை என்றால் நல்லவன் ஜெயிப்பான், கெட்டவன் சாவான். இப்போதைய வாசகன் வளர்ந்துவிட்டான். அவனுக்கு ரத்தமும் துரோகமும் சாம்பல் நிற மனிதர்களும் வேண்டும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் முதல் நாவல் வந்த 1996ஐ ஒரு எல்லைக்கோடு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். தமிழில் இதை அப்படியே ஒப்பிப்பவர்கள் கலிங்கத்துப்பரணியைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். முதல் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்று வருகிறான். அதைப் பாட வந்த செயங்கொண்டார் கதையை அரண்மனையில் தொடங்கவில்லை. பாலைக்காட்டில், எலும்பாலும் பிணத்தாலும் ஆன காளி கோயிலில், பசியால் வற்றிப்போன பேய்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தன் தலையைத் தானே அறுத்துக் காளிக்குக் கொடுத்த வீரனின் தலை, கீழே கிடந்தபடியே தேவியைத் துதிக்கிறது. போர் முடிந்ததும் பேய்கள் களத்தில் இறங்கி யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, ரத்தத்தில் குளித்துவிட்டுக் கூழ் காய்ச்சுகின்றன. கூழ் ஊற்றும்போது வரிசையில் குருட்டுப் பேய், ஊமைப் பேய் மட்டுமில்லை. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று அவரவர் ஆசாரத்தோடு கலயம் நீட்டுகிற பேய்களும் நிற்கின்றன. கேலியும் குரூரமும் இப்படிப் பின்னிக்கிடக்கிற ஒரு பக்கத்தை இன்றைய இருண்ட மாயக்கதைகளில் நான் இன்னும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இது ஒளித்துவைத்துப் படித்த புத்தகம் இல்லை, அரச சபையில் கேட்டுப் பாராட்டிய இலக்கியம்.

அதற்கும் முன்னால், எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிற கொற்கை. சிலப்பதிகாரத்தின் முகப்பில் இருக்கிற உரைபெறு கட்டுரை, கண்ணகி மதுரையை எரித்த பின் பாண்டிய நாடு மழையற்று நோயில் வாடியதையும், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்ததையும், பிறகு மழை பெய்ததையும் சொல்கிறது. தப்பு செய்தவன் ஒரு பொற்கொல்லன், செத்தது ஆயிரம் பேர். இதைச் சொல்லும்போது கதையின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. முத்துக் குளித்த துறையில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பலியைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோவலன் சிலம்போடு மதுரைக்குப் போனதையும் தேரா மன்னனையும் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதே காப்பியத்தில் இன்னொரு பாண்டியன் வருகிறான். வெளியூர் போன கீரந்தை என்ற பார்ப்பானின் வீட்டைக் காப்பதாக அரசன் பொறுப்பேற்றிருந்தான். ஒரு ராத்திரி உள்ளே ஆண் குரல் கேட்கிறது. கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருப்பது திரும்பி வந்த புருஷன்தான் என்று பிறகு தெரிகிறது. அந்தப் பெண்ணின் மேல் சந்தேகம் விழாமல் இருக்க, தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போகிறான். மறுநாள், கதவைத் தட்டிய கை குற்றம் செய்தது என்று தானே வெட்டிக்கொள்கிறான். பொன்னால் செய்த கையைப் பூட்டிக்கொண்டதால் பொற்கைப் பாண்டியன் என்று பேர்.

இதைப் படித்தபோது மாமாவை நினைத்து எனக்கு வந்த சந்தேகம் சின்னப்பிள்ளைத்தனமானது. பொற்கையை வைத்துக்கொண்டு பாண்டியன் எப்படிச் சாப்பிட்டான்? கதைக்கு அந்தக் கவலை இல்லை. நீதி தவறாமைக்கு ஒரு அடையாளம் கிடைத்துவிட்டது, அதோடு அது நகர்ந்துவிட்டது. பழைய கதைகளில் இருட்டு ஏராளம். அந்த இருட்டுக்கு ஒரு கணக்கும் உண்டு. ஆயிரம் பேர் செத்தால் மழை வரும், கையை வெட்டினால் பொன் வரும். கேட்கிறவர்கள் எவ்வளவு குரூரத்தையும் தாங்கியது அந்தக் கணக்கு நேராகும் என்று தெரிந்ததால்தான்.

எங்கள் கடற்கரையில் அந்தக் கணக்கைக் கூலி கொடுத்தே வாங்கினார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிக்கிறவர்களைச் சுறா தீண்டாமல் மந்திரத்தால் வாயைக் கட்டுகிறவர்களுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். பகலில் கட்டி ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் முத்துக் குளித்துவிடக்கூடாது என்று! 1530களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற பிறகும் இந்தக் கடல்கட்டிகள் போய்விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. கழுத்தில் ஜெபமாலை, கரையில் கடல்கட்டி. இரண்டில் எது காப்பாற்றியது என்று யாரும் விசாரிக்கவில்லை.

வேம்பார் எழுத்து வரலாற்றுக்குள் வருவதும் இந்தக் காலத்தில்தான். முத்துக்கரையின் ஏழு ஊர்களில் வடகோடி எங்களூர். 1547 வாக்கில் இந்தக் கரைக்கு வந்த அன்றீக்கு அடிகள் என்ற என்றிக்கே என்றீக்கஸ், 1548 அக்டோபரில் இக்னேசியஸ் லொயோலாவுக்குக் கடிதம் எழுதியது வேம்பாரில் இருந்து. துபாஷி இல்லாமல் தானே தமிழ் பேசப் பழகுவதையும், இந்த மொழிக்கு இலக்கணம் எழுதும் முயற்சியையும் பற்றி அந்தக் காலத்துக் கடிதங்களில் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணத்தில் தோற்றுப்போன எனக்கு, இந்த மணலில் உட்கார்ந்து ஒரு போர்ச்சுக்கீசியர் வேற்றுமை உருபோடு மல்லுக்கட்டியது பெரிய ஆறுதல்.

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் வெறும் 16 பக்கம். அச்சடிக்கப் பணம் கொடுத்ததில் இந்தக் கரையின் பரதவர்களுக்குப் பங்கு உண்டு. அது பாடம், ஜெபம். மனிதர்கள் உட்கார்ந்து படிக்கக்கூடிய கதைப்புத்தகம் என்று பார்த்தால் 1586இல் வந்த அடியார் வரலாறுதான். அறுநூறு பக்கத்துக்கு மேல். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. புனிதர்களின் வாழ்க்கையை வருஷத்துத் திருநாள்களை ஒட்டிச் சொல்லும் ஐரோப்பிய நூல்வகையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அந்த வகை நூல்களின் உயிரே வேதசாட்சிகளின் சாவுதான். அம்பு பாய்ந்தவர்கள், தீயில் வாட்டப்பட்டவர்கள், தலை கொய்யப்பட்டவர்கள், பேயோடு மல்லுக்கட்டியவர்கள். தமிழில் அச்சான முதல் பெரிய கதைத்தொகுதி என்று இதைச் சொல்லலாம், அதை வாசிக்க உத்தேசிக்கப்பட்டவர்கள் எங்கள் கரை ஆட்கள். ரோமில் வத்திக்கான் நூலகத்தில் கிடந்த பிரதியிலிருந்து சே. இராசமாணிக்கம் அடிகள் 1967இல் தூத்துக்குடியிலேயே அதை மறுபடியும் பதிப்பித்தார்.

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குப் போனது. இந்தக் கரையில் அச்சு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஆனால் கதை நிற்கவில்லை. ஓலைக்கும் வாய்க்கும் திரும்பியது, அம்மானை ஆயிற்று. தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவரே கித்தேரி அம்மாள் அம்மானையும் எழுதினார். பண்டிதர்களுக்குக் காப்பியம், பொம்பளைகளுக்கு அம்மானை என்று அவர் வாசகர்களைப் பிரித்துத் தெரிந்துவைத்திருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இலங்கையில் இருந்த கோவாப் பாதிரியார் யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம் கடலைத் தாண்டி இங்கே வந்து, இன்றைக்கும் தவசு காலத்தில் கரையூர்க் கோயில்களில் ராகம் போட்டு வாசிக்கப்படுகிறது. கதை முடிவு எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நாள் உயிர்த்தெழுவார். ஆனாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி அழுகிற அழுகை ஞாயிற்றுக்கிழமையை நம்பி அழுகிற அழுகை மாதிரி இருக்காது.

இங்கேதான் நான் மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஞானசௌந்தரி ஐரோப்பாவெங்கும் திரிந்த கதை. பதிமூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் இருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுதியில் 'கைகளற்ற பெண்' என்று இருக்கிறது. அதில் அரசன் அவளுக்கு வெள்ளியில் கை செய்து போடுகிறான், பிறகு கடவுள் அருளால் சொந்தக் கை வளர்கிறது. பெரும்பாலும் வெட்டு, வளர்ச்சி இரண்டும்தான் கதை. எங்கள் திண்ணையில் அப்படி இல்லை. ஆச்சியின் அக்கா அதிக நேரம் எடுத்துக்கொண்டது இரண்டுக்கும் நடுவில். கையில்லாத தாய், பால் கேட்டு அழுகிற இரண்டு பிள்ளைகள், தூக்க முடியவில்லை. அந்த இடத்தை ஒப்பாரி ராகத்துக்கு மாற்றி, படித்த அடியையே மறுபடியும் படிப்பார். பொம்பளைகள் "எப்பிடித் தூக்குவா, எப்பிடித் தூக்குவா" என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். புத்தகத்தில் இருந்ததைவிட அந்த நடு இடம் திண்ணையில் நீளம். மாமா உட்கார்ந்து கேட்டது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நடு இடத்தை நாடகமும் சினிமாவும் சுருக்கின. தமிழ் நாடகத்துக்குத் தலைமை ஆசான் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் எங்கள் மாவட்டத்துக்காரர். 1867இல் தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் சனீஸ்வரன் வேஷம் கட்டி ஆடிவிட்டு விடியற்காலையில் வேஷம் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, எதிரே பார்த்த பெண் ஒருத்தி பயத்திலேயே விழுந்து செத்தாள் என்றும், எமன் வேஷத்தைப் பார்த்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும், அதோடு அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, பார்வையாளர்கள் எவ்வளவு இருட்டைத் தாங்குவார்கள் என்று ஒரு கலைஞன் பயந்து பின்வாங்கிய கதையாக எனக்கு இது முக்கியம். அவர் பிறகு எழுதிக்கொடுத்த நாடகங்களில் சாவித்திரி புருஷனை மீட்கிறாள், வள்ளிக்குக் கல்யாணம் நடக்கிறது.

1948இல் ஒரே வருஷத்தில் இரண்டு ஞானசௌந்தரி படங்கள் வந்தன. சிட்டாடல் எடுத்ததில் எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தார்கள், ஓடு ஓடென்று ஓடியது. ஜெமினி எடுத்தது எடுபடவில்லை, வாசன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜெயித்த படத்தைப் பற்றி எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு ஞாபகம் இருந்தது எல்லாம் தேவமாதாவை நோக்கி அவள் பாடும் பாட்டு ஒன்றுதான். "எப்பிடித் தூக்குவா" என்ற கேள்வி பாட்டாகிவிட்டது.

கல்கி காலத்துக்கு வந்தால் வெட்டுண்ட கை வேறு ஒரு வேலைக்குப் போகிறது. பார்த்திபன் கனவில் நரபலி கேட்கிற காபாலிகர்களின் தலைவர் மகா கபால பைரவருக்கு ஒரு கைதான். அவர் உண்மையில் யார், அந்தக் கையை வெட்டியது யார் என்பது கடைசியில் அவிழ்கிற முடிச்சு. இங்கே போன கை ஒரு துப்பு. அதற்கு மேல் இல்லை. நிறையப் பேர் காத்திருந்து படித்தார்கள், நானும் பைண்டு பண்ணிய பிரதியில் படித்தேன். நல்ல சுவாரஸ்யம். ஆனால் கபால பைரவருக்கு வலித்திருக்குமா என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. கதையின் எந்த நூலும் தொங்கக்கூடாது என்று அந்த வாசகர்கள் எதிர்பார்த்தார்கள். 1954இல் பொன்னியின் செல்வன் முடிந்தபோது, அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு முடிவுரை எழுதிப் பதில் சொல்லவேண்டி வந்தது கல்கிக்கு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்பதை மட்டும் அவர் கடைசிவரை முழுசாகத் தெளிவாக்கவில்லை. இன்றைக்கும் அந்த நாவலைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் அந்த ஒரு இடத்தில்தான் சண்டை போடுகிறார்கள்.

பிறகு 1972. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ். முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962இல் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போன லூயிஸ் கிராண்டேல் இரும்புக் கை பூட்டிக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பக் கதையில் அவன் கெட்ட வழிக்கே போகிறான். நிழல்படையின் நல்ல உளவாளி ஆனது அப்புறம். ஆனால் எங்களுக்கு அவன் முதல் பக்கத்திலிருந்தே தெய்வம். விளாத்திகுளம் போய் வருகிறவர்கள் யாராவது ஒரு புத்தகம் கொண்டுவந்தால் தெரு முழுக்கச் சுற்றி, அட்டை போய், கடைசிப் பக்கமும் போய், முடிவை நாங்களே இட்டுக்கட்டிக்கொள்வோம்.

மாமாவுக்கு 'மாயாவி' என்று பேர் வைத்தது நான்தான். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. சட்டைக் கையை மடித்து ஊசி குத்தி மூடியிருப்பார். அந்த மடிப்புக்குள் இரும்புக் கை இருக்கிறது என்று கூட்டாளிகளிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் "மாயாவி, மாயாவி" என்று பின்னால் ஓடினார்கள். பெருமையாக வைத்த பேர்தான். அவர் திட்டவில்லை. ஒருநாள் என்னை மட்டும் கூப்பிட்டு, "ஏல, அந்தப் பொஸ்தகத்தக் கொண்டா பாப்போம்" என்று வாங்கி, இடது கையால் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டுல கைய வச்சா மறஞ்சிருவானாக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவுக்கு அப்போது கரண்டே வரவில்லை.

அந்தக் காலத்தில் அவரால் வள்ளத்தில் போக முடியவில்லை. வலை பின்ன முடியவில்லை. முத்துக்குளிப்பும் 1961 வரையில் அரசாங்கம் நடத்தியதோடு நின்றுபோயிருந்தது. ஏலக்கரையில் கணக்கு எழுத உட்கார்ந்தார், இடது கையால் எழுதப் பழகி. கல்யாண வீட்டுப் பந்திக்கு மட்டும் வரமாட்டார். இடது கையால் சாப்பிடுகிறதை ஊர் பார்க்கக்கூடாது. எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு அத்தை தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவாள். மாயாவிக்கு இந்தப் பிரச்சினை இருந்ததாக எந்த இதழிலும் வரவில்லை.

வெட்டிய கை வளரும், பொன்னாகும், துப்பாகும், ஆயுதமாகும். இத்தனை நூற்றாண்டாகக் கதைகள் இழப்பை வேறு ஒன்றாக மாற்றிக் கொடுத்தன, வாசகர்களும் அதை விரும்பி வாங்கிக்கொண்டார்கள். அதை முதலில் மறுத்தது மார்ட்டின் என்று சொல்லிவிட முடியாது. சோம் போர்க்களத்தில் இருந்து திரும்பிய டோல்கின், 1955இல் முடிந்த தன் பெருங்கதையில் ஃப்ரோடோவின் ஒரு விரலைப் பறித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கவே இல்லை. உலகம் காப்பாற்றப்பட்ட பிறகும் அவனுக்கு மட்டும் ஊரில் இருக்க முடியவில்லை. மார்ட்டின் செய்தது அந்த விரலை முழுக் கையாக்கியது. 2000இல் வந்த மூன்றாம் நாவலில், நாட்டிலேயே பெரிய வாள்வீரன் என்று பேரெடுத்த ஜேமியின் வலது கையை, பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத கூலிப்படைக்காரர்கள் வெட்டிவிடுகிறார்கள். சதியோ சாபமோ பெரிதாக எதுவும் இல்லை. பிறகு பொன்னில் ஒரு கை செய்து போடுகிறார்கள். நம் பாண்டியனின் கைதான், ஆனால் எதற்கும் உதவாத கை. கையோடு அவனுடைய பெருமையும் போகிறது, அந்த இடத்தில் வேறு ஏதோ மெதுவாக முளைக்கிறது. அதை மறுபடியும் வளர்ந்த கை என்று சொல்ல அந்த நாவல் விடுவதில்லை.

தமிழில் இதற்குச் சமமான ருசி மாற்றத்தை ஒரு புத்தகத்தைவிட ஒரு சினிமாவில்தான் தெளிவாகப் பார்க்க முடிந்தது. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன். ஒளிந்து வாழ்கிற சோழர் எச்சம், பசி, நரமாமிச வாடை, கடைசியில் மீட்பே இல்லாத அழிவு. நான் பார்த்த தியேட்டரில் பாதிக்கு மேல் எழுந்து போனார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "சோழன எதுக்குய்யா இப்பிடிக் காட்டுதான்?" என்று நிஜமான கோபத்தோடு கேட்டார். 2020 கடைசி நாளில் அதே படம் மறுபடியும் திரைக்கு வந்தபோது இளவட்டங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். படம் மாறவில்லை. நடுவில் 2011 முதல் 2019 வரை அந்த ஆங்கிலத் தொடர் ஓடியிருந்தது. ஈழத்தில் நடந்ததன் காட்சிகளும் ஒவ்வொன்றாகக் கைபேசிக்கு வந்து சேர்ந்திருந்தன. இரண்டாவது காரணத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எழுத்தில், ஜெயமோகனின் விஷ்ணுபுரம் 1997லேயே ஒரு கற்பனை நகரத்தைக் கட்டியெழுப்பிப் பிரளயத்தில் மூழ்கடித்தது. அவரே 2014 முதல் 2020 வரை தினம் ஒரு அத்தியாயமாக இணையத்தில் எழுதிய வெண்முரசு 26 நாவல்கள். மகாபாரதத்தின் முடிவு தெரிந்தவர்கள்தான் அதைக் காலையில் எழுந்ததும் படித்தார்கள். முடிவுக்காக அல்லாமல் நடுவில் இருப்பதற்காகப் படிக்கிற கூட்டம் தமிழில் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எங்கள் திண்ணையும் அதே கூட்டம்தான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத கூட்டம்.

ஆனால் இப்போது இருட்டே ஒரு அலங்காரமாகிவிட்ட கதைகளும் வருகின்றன. நாலு பக்கத்துக்கு ஒரு தலை உருளும், எல்லாரும் அயோக்கியர், யாருக்கும் எதுவும் வலிக்காது. எழுதுகிறவர் இதை முதிர்ச்சி என்று நினைக்கிறார். செயங்கொண்டாரின் பேய்களுக்குப் பசியாவது இருந்தது.

மாமா கடைசிக் காலத்தில் தூத்துக்குடியில் எங்களோடு இருந்தார். என் மகன் காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்த ஆங்கிலத் தொடரை லேப்டாப்பில் வைத்துப் பார்ப்பான். மாமா கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்ப்பார், ஒரு வார்த்தையும் புரியாது. கை வெட்டுகிற காட்சி வந்தபோது நான் அறைக்குள் ஓடினேன், நிறுத்தச் சொல்ல. அவர் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். "வெட்டிட்டான்" என்றார், செய்தி சொல்கிற மாதிரி. அடுத்த நாளும் "அவன் என்ன ஆனான்?" என்று கேட்டு, வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பார்த்த பாகத்தில் ஜேமியை ஒரு பிரபுவின் மேசையில் சாப்பிட உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே பெரிய பேச்சு, பேரம், மிரட்டல். அவன் இடது கையில் கத்தியைப் பிடித்து இறைச்சியை அறுக்கப் பார்க்கிறான். தட்டில் துண்டு வழுக்கி வழுக்கி ஓடுகிறது. பக்கத்தில் இருந்த பிரியேன் என்ற பெண், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எரிச்சலோடு தன் முள்கரண்டியால் அந்தத் துண்டைக் குத்தி அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். அவன் அறுக்கிறான். அவ்வளவுதான். பேச்சு தொடர்கிறது.

என் மகன் அதைக் கவனிக்கவே இல்லை, பேரம் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மாமா கட்டிலில் இருந்து இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த எடத்த இன்னொருக்கப் போடு."

"எந்த எடம் தாத்தா? சண்டையா?"

"இல்லல. அந்தப் புள்ள புடிச்சிக்கிடுதுல்லா, அது."